பால் பாக்கெட்டை எடுத்தது யார்?

போன வாரம் வந்த படபடப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதனால் இந்த வாரப் பத்தியில் முன்னுரை, கிண்டல் எல்லாம் கொஞ்சம் குறைவாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் நித்யா எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். அதில் கிரிட்டிகல் ரீசனிங் என்று ஒரு பகுதி. நாலு வரியில் ஒரு வாதம் கொடுப்பார்கள். எழுதாமல் விட்ட ஒரு வரி அதற்குள் ஒளிந்திருக்கும் - அசம்ப்ஷன். அதைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். கேள்வி வாசிப்பது என் வேலை. பதில் சொல்வது அவள் வேலை. ஆனால் என்னால் சும்மா இருக்க முடியுமா?

"நகரத்தில் ஹெல்மெட் விற்பனை கூடியிருக்கிறது. ஆகவே தலைக்காயங்கள் குறையும். இதில் மறைந்திருப்பது என்ன?"

வாசித்த கையோடு நானே விடையும் சொன்னேன். "ஹெல்மெட் போடாதவங்களுக்கு ஃபைன் போடணும்!"

"நக்கோ மம்மி, அது இல்ல," என்றாள் நித்யா. ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழில் தெலுங்கும் ஹிந்தியும் இங்கிலீஷும் தாராளமாகப் புழங்கும். "நீ சொல்றது நல்ல விஷயம்தான். பட் இந்த ஆர்க்யூமென்டுக்கு அது தேவையே இல்ல. வாங்கினவங்க தலையில போட்டுக்கறாங்க - அதான் அசம்ப்ஷன். உல்ட்டா பண்ணிப் பாரு. வாங்கி ஹேண்டில்பார்ல மாட்டிக்கறாங்கன்னு வெச்சுக்கோ. ஆர்க்யூமென்ட் கதம்!"

அதாவது, சந்தேகப்படும் வரியைத் திருப்பிப் போட வேண்டும். வாதம் சரிந்து விழுந்தால் அதுதான் விடை. இவ்வளவுதானா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. புத்தகம் எதற்கு, நானே ஒரு கேள்வி தயார் செய்கிறேன் என்று கிளம்பினேன்.

எங்களுடையது குகட்பள்ளி ஹவுஸிங் போர்டு காலனி. எங்களுக்கு நேர் மேல் வீட்டில் சுந்தரேசன் சார். ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவர், மனைவி தவறிவிட்டார், தனியாக இருக்கிறார். துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போகும்போது அவர் கதவில் தொங்கும் பால் பையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவேன். பை காலி என்றால் சார் எழுந்துவிட்டார், நன்றாக இருக்கிறார். பொறுப்பான பக்கத்து வீட்டுக்காரி என்று எனக்கு நானே கொடுத்துக்கொண்ட சர்டிஃபிகேட் அது.

"சுந்தரேசன் சார் பால் பை காலியாக இருக்கிறது. ஆகவே சார் நலம். அசம்ப்ஷன் என்ன?"

"ஈஸி. பாலை எடுத்தது அவர்தான்."

"உல்ட்டா?"

"எடுத்தது அவர் இல்ல. அப்போ ஆர்க்யூமென்ட்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "மம்மி, நிஜமா அவர்தான் எடுக்கறாரா? நீ பார்த்தியா?"

பார்த்தேனா? அன்று பார்க்கவில்லை. முந்தின நாளும் பார்க்கவில்லை. காலிப் பையைத்தான் பார்த்தேன்.

இருவரும் மாடிப்படி ஏறினோம். காலிங் பெல்லை அழுத்தினால் பதில் இல்லை. மறுபடி அழுத்தினேன். திறந்தது எதிர் வீட்டுக் கதவு. தெலுங்குக்கார அம்மா, சுஜாதா காரு, எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"சார் ஊள்ளோ லேரு கதண்டி! பாலு நேனே தீஸ்துன்னா."

சார் ஊரில் இல்லையாம். பாலை இவர்தான் எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்கிறாராம். பை நிறையத் தொங்கினால் வீட்டில் ஆள் இல்லை என்று திருடனுக்குத் தெரிந்துவிடுமே!

"ஊருக்குப் போறேன்னு சொன்னாரா?"

"எனக்குச் சொல்லல," என்றார், அவருக்குத் தெரிந்த தமிழில். "பால் அப்படியே இருந்துச்சு, டிவி சத்தம் இல்ல. திருச்சி தம்பி வீட்டுக்குப் போயிருப்பாருன்னு நினைச்சேன். மீரு மீரு தமிழ் வாள்ளு கதா, நீங்க ரெண்டு பேரும் தமிழ்க்காரங்க? உங்ககிட்ட சொல்லிட்டுத்தான போவாரு? நீங்க டென்ஷன் இல்லாம மாடிக்குப் போறீங்க, வர்றீங்க. அப்போ உங்களுக்குத் தெரியும்னு..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுஜாதா காரு பாலை எடுத்ததால் நான் கவலைப்படவில்லை. நான் கவலைப்படாததால் அவர் பாலை எடுத்தார். இரண்டு பெண்கள், இருவருமே நல்லெண்ணத்தோடு, ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டு... நடுவில் அந்த மனிதர் எங்கே?

சார் வீட்டுக் கதவு, இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். ஆள் உள்ளேயா வெளியேயா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. நித்யாதான் அவருடைய நம்பருக்கு டயல் செய்தாள்.

ரிங் போனது. கதவுக்கு அந்தப் பக்கம்.

திருச்சிக்குப் போகிறவர் செல்போனை வீட்டில் வைத்துவிட்டா போவார்? சுஜாதா காருவின் முகம் வெளுத்துப் போனது. நித்யா கீழே ஓடி வாட்ச்மேனைக் கூட்டிவந்தாள். அவர் கடப்பாரையால் நெம்பிக் கதவைத் திறந்தார்.

சார் பாத்ரூமில் கிடந்தார். முந்தின நாள் காலையில் குளிக்கப் போனவர் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது, நகர முடியவில்லை. வாளித் தண்ணீரைக் குடித்தே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் படவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்னும் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். திருச்சியிலிருந்து தம்பி வந்துவிட்டார். நானும் நித்யாவும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சார் தலையணையில் சாய்ந்து தெம்பாகவே பேசினார்.

"எனக்குத் தெரியும்மா, நீங்க வருவீங்கன்னு. கத்தத் தெம்பில்ல. குளிக்கிற மக்கை எடுத்துப் பைப்பில தட்டிக்கிட்டே இருந்தேன். நேரா உங்க வீட்டுக்குத்தான இறங்குது அந்தப் பைப்பு? சத்தம் கேட்டா எப்படியும் ஏறி வந்துருவாங்கன்னு..."

நித்யா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கேட்டது, வாசகர்களே. டக்... டக்... என்று நன்றாகவே கேட்டது. "மேல யாரோ டைல்ஸ் போடறாங்க, ஒரே தலைவலி" என்று சொல்லிக்கொண்டே மிக்ஸியை ஓட்டியவள் நான்தான். எங்கள் காலனியில் ஏதாவது ஒரு வீட்டில் எப்போதும் டைல்ஸ் வேலை நடக்கும். ஆகவே... அந்த 'ஆகவே'யைத்தான் நான் உல்ட்டா பண்ணிப் பார்க்கவில்லை.

அவரிடம் மறைக்க மனம் வரவில்லை. "கேட்டுச்சு சார். டைல்ஸ் வேலைன்னு நெனச்சுட்டோம்," என்றேன்.

"நானா இருந்தாலும் அப்படித்தாம்மா நெனச்சிருப்பேன்," என்றார் சார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போதெல்லாம் எங்கே 'டக்' என்று கேட்டாலும் அடுப்பை அணைத்துவிட்டு மாடி ஏறிவிடுகிறேன். கதவைத் திறக்கும் மேஸ்திரி நான் வாயைத் திறப்பதற்குள், "டைல்ஸே அம்மா!" என்கிறார். இருக்கட்டும்... அதை அவர் வாயால் கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன்.