இருபத்தொன்பதாவது நிமிடம்

கால்பந்தை எனக்குப் பிடிக்கும். கால்பந்துக்குத்தான் என்னைப் பிடிக்காது. பள்ளி அணியில் மூன்று வருடம் கோல்கீப்பராக நின்று, விரலை இரண்டு தடவை ஒடித்துக்கொண்ட பிறகே இது என் மண்டையில் ஏறியது. ஆனாலும் மைதானத்தை விட்டுப் போக மனம் வரவில்லை. அந்தச் சமயத்தில் நடுவர் பயிற்சிக்கு ஆள் எடுப்பதாக நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். ஓட்டத் தேர்விலும் விதித் தேர்விலும் தேறினேன். பதினெட்டு வயதில் கறுப்புச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக மட்டாஞ்சேரி பஜார் வழியே முதல் ஆட்டத்துக்கு நடந்துபோனபோது, கலெக்டர் உத்தியோகம் கிடைத்தவள் மாதிரி ஒரு மிதப்பு எனக்கு.

அதே பஜாரில்தான் அப்பாவுக்கு வேலை. லாரியிலிருந்து அரிசிச் சாக்குகளைத் தலையில் சுமந்து கோடவுனில் அடுக்குவார். அம்மா யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மசாலாக் கடையில் சுக்கு, ஏலக்காய் தரம் பிரிக்கிறாள். இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நான் இங்கேயே பிறந்து மலையாளத்தில் படித்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், தெருவில் இரண்டும் கலந்த ஒன்று. கோபம் வந்தால் எது வாயில் வரும் என்று எனக்கே தெரியாது. கோபமோ எனக்கு மூக்கு நுனியில்தான் இருக்கும்.

பதின்மூன்று வயதுக்குட்பட்ட பையன்களின் லீக்கை எனக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகளால் ஒரு தொந்தரவும் இல்லை. விழுவார்கள், அழுவார்கள், எழுந்து ஓடுவார்கள். மஞ்சள் அட்டை காட்டினால் "சாரி சேச்சி" என்று தலையைச் சொறிவார்கள். கோட்டுக்கு வெளியே நிற்கிற பெரியவர்கள்தான் பெரும்பாடு. அவர்களிலும் ஒருவர் தனி ரகம்.

அவர் ஒரு அணியின் கோச். இங்கே கோச்சை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் தொப்பி, கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச். என் கைக்கடிகாரத்தை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. பந்து சாக்கடையில் விழுந்து எடுத்துவர ஆன நேரம், மிளகாய் கோடவுன் பக்கமிருந்து காற்றடித்து இரண்டு அணியும் தும்மித் தீர்த்த நேரம் என்று நான் கூட்டிக் கொடுப்பதை எல்லாம் அவர் தன் வாட்சில் சரிபார்ப்பார். கூட்டினாலும் சண்டை, கூட்டாவிட்டாலும் சண்டை. முதல் கோல் பன்னிரண்டாவது நிமிடத்தில் என்று நான் எழுதினால், பதினொன்று என்று வந்து நிற்பார். நடுவர் சொன்ன நிமிடத்தை அப்படியே ஒத்துக்கொண்டால் அவருக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது.

அவருடைய அணிக்கு நான் நடுவராக நின்ற முதல் ஆட்டத்தில் ஒரு கோலை ஆஃப்சைடு என்று மறுத்தேன். மனுஷன் கோட்டோரமாக வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என் கால்களைப் பற்றி ஒன்று சொன்னார். இந்தக் கால்களைப் பார்க்கத்தான் இன்றைக்கு இவ்வளவு கூட்டம், விதியாவது மண்ணாவது என்று. மைதானச் சுவரோரம் நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. அந்த நேரத்தில் பாக்கெட்டில் அட்டை இருப்பதே மறந்துபோனது. எப்படியோ ஆட்டத்தை முடித்தேன்.

ரிப்போர்ட்டில் "கோச் மோசமாகப் பேசினார்" என்று மட்டும் எழுதினேன். அந்த வார்த்தைகளை என் கையால் எழுதக் கூசியது. நான் செய்த தப்பு அதுதான்.

லீக் கமிட்டியின் அலுவலகம் தோப்பும்படியில் ஒரு வலைக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. நான்கு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொள்கிறவர். எதிரே ஆசான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்ன சொன்னார், அந்த வார்த்தை என்ன என்று தலைவர் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். என் கால்களைப் பற்றி நான்கு ஆண்களுக்கு முன்னால் நானே எப்படிச் சொல்வேன்? ஆசான் சிரித்துக்கொண்டே, தன் அணிப் பையன் ஒருவனைத் திட்டியதை இந்தக் குட்டி தப்பாக எடுத்துக்கொண்டாள் என்றார். அவ்வளவுதான், முடிந்தது. நிமிடம், இடம், சொன்ன சொல் அப்படியே எழுத்துக்கு எழுத்து, இந்த மூன்றும் இல்லாத ரிப்போர்ட் வெறும் காகிதம் என்று தலைவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொரு முறை இப்படி ஆதாரமில்லாத புகார் வந்தால் நடுவர் பட்டியலில் என் பெயர் இருக்காது என்றும் சொன்னார்.

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அம்மா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். இன்னும் ஒரு தடவை இப்படி அழுது வீங்கிய மூஞ்சியோடு வந்தால் அந்த விசிலைக் காயலில் எறிந்துவிடுவேன் என்றாள். அம்மா வெறுமனே மிரட்டுகிறவள் இல்லை. சொன்னால் செய்வாள். ஆக, ஒரு பக்கம் கமிட்டி, இன்னொரு பக்கம் அம்மா. என் விசிலுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. அன்றைக்கே பஜாரில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் அரையிறுதி. என் தலையெழுத்து, அதே அணி, அதே ஆசான். அரை மணி நேர முதல் பாதி முடியும் நேரம், ஒன்றுக்கு ஒன்று. அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது, பந்து எதிரணிப் பையன் ஒருவனின் கைக்கு மேலே போய் வெளியே விழுந்தது. கையில் பட்டது, பெனால்டி வேண்டும் என்று ஆசான் துள்ளினார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். அப்போது சொன்னார்.

"எடீ பாண்டீ, ஆ விசில் அவிடெ வெச்சிட்டு அரிச்சாக்கு சொமக்கான் போ."

விசிலை வைத்துவிட்டு அரிசி மூட்டை தூக்கப் போடீ என்கிறார். பாண்டி என்பது இங்கே தமிழர்களை மட்டம் தட்டுவதற்கென்றே வைத்திருக்கிற சொல். சின்ன வயதிலிருந்து கேட்டு எனக்கு அது தோல் தடித்துப்போன விஷயம். அரிசிச் சாக்கு அப்படியில்லை. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று விசாரித்து வைத்துக்கொண்டு சொல்கிறார். எனக்கு உச்சந்தலை கொதித்தது. பதிலுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் நான்கு நல்ல வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்து நின்றன. அத்தனையையும் விழுங்கினேன். ஆட்டத்தை நிறுத்தி, நடந்துபோய் அவர் முகத்துக்கு நேரே சிவப்பு அட்டையைத் தூக்கினேன்.

போக மாட்டேன் என்றார். தன்னை வெளியே அனுப்ப ஒரு பெண்பிள்ளையால் முடியாது என்றார். நான் நோட்டை எடுத்து, மழையில் குனிந்து, நிமிடத்தையும் இடத்தையும் அவர் சொன்னதையும் எழுதினேன். எழுதி முடித்துவிட்டு, அவர் வெளியேறாவிட்டால் ஆட்டத்தைக் கைவிடுவேன், அவருடைய அணி தோற்றதாக எழுதப்படும் என்று சுவரில் உட்கார்ந்திருந்த பெற்றோர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மழையில் நின்றேன்.

பெற்றோர்களுக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. ஒரு அம்மா குடையை மடக்கிக்கொண்டு இறங்கி வந்து, கேட்டைத் திறந்து பிடித்தாள்.

"ஆசானே, பிள்ளைங்க நனையுது. வெளிய இறங்கு."

அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. போனார். அவர் போன பிறகு அந்தப் பையன்கள் ஆடினார்களே ஓர் ஆட்டம்! இரண்டு கோல் போட்டு ஜெயித்தார்கள். ஆசான் இல்லாதபோது இவர்கள் நன்றாக ஆடுகிறார்கள் என்று ரிப்போர்ட்டில் எழுத எனக்குக் கை அரித்தது. விதியில் அதற்கு இடமில்லை.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். எழுதினேன், கிழித்தேன், மறுபடியும் எழுதினேன். அரிசிச் சாக்கு என்கிற இடம் வரும்போதெல்லாம் பேனா நின்றது. அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. என்ன எழுதுகிறாய், படித்துக் காட்டு என்றாள். அப்பா குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அவர் காதில் இது விழ வேண்டாம் என்று எவ்வளவோ நினைத்திருந்தேன். ஆனாலும் படித்தேன். குரல் உடைந்தது.

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் சாக்கு சொமக்கது ஊருக்கே தெரியும்லா. நீ எதுக்குட்டி மறைக்க? எழுது. ஒரு சாக்கு அம்பது கிலோன்னும் சேத்து எழுது. தெரியாம பேசுதான் அவன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அம்மாவும் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு பேனா நிற்கவில்லை. மழையில் நனைந்து பென்சில் எழுத்து மங்கிப்போன நோட்டைப் பார்த்து நிமிடத்தை எழுதினேன், இடத்தை எழுதினேன், அவர் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் எழுதினேன். கடைசியில் அப்பா சொன்னதையும் சேர்த்தேன். எழுதியபோது எனக்கே கொஞ்சம் திமிராகத்தான் இருந்தது.

சிவப்பு அட்டையை எதிர்த்து ஆசான் புகார் கொடுத்தார். தான் ஒன்றுமே சொல்லவில்லை, இந்தப் பெண்ணுக்குத் தன் மேல் பழைய பகை, இவளைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று. மறுபடியும் வலைக் கடை மாடி, அதே நான்கு பேர். பெற்றோர் யாரும் சாட்சி சொல்ல வரவில்லை. பிள்ளைகள் அவரிடம்தானே பயிற்சிக்குப் போக வேண்டும், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நான் சொன்னேன், அவர் இல்லையென்றார் என்கிற அளவில் விஷயம் நின்றால் என் பெயர் போய்விடும்.

தலைவர் ரிப்போர்ட்டை என்னிடமே நீட்டி வாசிக்கச் சொன்னார். எழுந்து நின்றேன். இந்த முறை குரல் தடுமாறவில்லை. முதல் பாதி, இருபத்தேழாவது நிமிடம், கோச்சுகள் நிற்கும் கட்டத்துக்கு வெளியே இரண்டடி தள்ளி நின்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னது என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை நேராக அவர் முகத்தைப் பார்த்தே வாசித்தேன். பாண்டீ என்பதை அவர் இழுத்த மாதிரியே இழுத்து வாசித்தேன்.

ஆசான் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு துள்ளி எழுந்தார்.

"இருபத்தேழோ? இருபத்தொன்பது! கோர்னர் கழிஞ்ஞிட்டல்லே ஞான் அது பறஞ்ஞது!"

கார்னர் முடிந்த பிறகுதானே நான் அதைச் சொன்னேன் என்கிறார். மனுஷன் தன் வாயாலேயே சொல்கிறார்! சொல்லிவிட்டு, எப்போதும்போல நடுவர் ஒருத்தியைக் கணக்கில் மடக்கிவிட்ட சந்தோஷத்தில் மற்றவர்களைச் சுற்றிப் பார்த்தார். தலைவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்து அவரைப் பார்த்தார்.

"அப்போள் பறஞ்ஞு. அல்லே?"

அப்படியானால் சொன்னாய், இல்லையா என்று ஒரே கேள்வி. ஆசானின் முகத்தில் அது மெல்ல இறங்குவதை நான் பார்த்தேன். கை தானாகவே ஸ்டாப்வாட்சை விட்டது. பொய் சொல்வானேன், அதைப் பார்க்க எனக்கு அப்படியொரு ஆனந்தமாக இருந்தது.

நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மழையில் மங்கியிருந்த அந்த எண் ஒன்பதுதான். அவர் சொன்னதே சரி. தலைவரிடம் பேனா கேட்டு வாங்கி, இருபத்தேழை அடித்து இருபத்தொன்பது என்று திருத்தி, பக்கத்தில் என் கையெழுத்தையும் போட்டேன். நேரத்தைச் சரியாகச் சொன்னதற்கு அவருக்கு நன்றியும் சொன்னேன். அதைச் சொல்லாமலிருக்க நான் என்ன புத்தரா?

தலைவர் கடைசி வரி வரை படித்தார். சாக்கின் எடை எதற்கு என்று கேட்டார். அப்பா சேர்க்கச் சொன்னார் என்றேன். நான்கு பேரில் ஒருவர் இருமுவது போல வாயை மூடிக்கொண்டார். தலைவர் அந்த வரியை அடிக்கவில்லை, கீழே முத்திரையைக் குத்திவிட்டார். இந்த சீசன் முடியும் வரை ஆசான் எந்த மைதானத்துக்குள்ளும் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பானது. போகும்போது இறுதி ஆட்டத்துக்கும் நானே நடுவர் என்று சொன்னார்கள். படியில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினேன். அன்றைக்கும் பஸ்ஸில் அழுதேன்தான், ஆனால் அம்மா அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு அப்பா கோடவுனிலிருந்து நேராக வந்தார். சுமைத் தொழிலாளிகளின் நீலச் சட்டை, தோளில் அரிசித் தூசி, கூடவே நான்கு கூட்டாளிகள். ஆசானின் பையன்கள் ஒரு கோல் முன்னிலையில் இருந்தார்கள். மைதானச் சுவருக்கு வெளியே தெருவில் தொப்பி ஒன்று தெரிந்தது, அதன் கீழே ஆசான். அவர் நேரம் முடியக் காத்திருந்தார். நான் நான்கு விரலைத் தூக்கி, நான்கு நிமிடம் கூடுதல் என்று காட்டினேன்.

சுவருக்கு மேலே ஸ்டாப்வாட்ச் உயர்ந்தது. அவர் வாய் திறந்தது. என் கை பாக்கெட்டுக்குப் போனது. அவர் வாய் மூடிக்கொண்டது.

நான் எடுத்தது கைக்குட்டை. முகத்தை நிதானமாகத் துடைத்துக்கொண்டு, நான்கு நிமிடத்தையும் ஒரு வினாடி குறையாமல் ஆடவிட்டு, அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி நீளமாக விசில் ஊதினேன்.