துள்ளி வந்த பெரியவர்

குழாய்க் கம்பெனியின் அலுவலகத்தில் மேனேஜர் எழுதித் தருவதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஸ்லைடு ஸ்லைடாகப் பிரித்துக் கொடுப்பது அப்போது அவள் வேலை. அவளுடைய சொந்தப் பெயர் இன்றைக்கு அந்தச் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் டமால் அக்கா.

மேனேஜர் நல்ல மனிதர். குரல்தான் அவருக்குச் சத்துரு. பழைய ஃபேன் ஓடுகிற மாதிரி ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். மாதாந்திரக் கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தால் கடைசி வரிசையில் பிடிக்கும் தூக்கம் மெல்லப் பரவி முதல் வரிசைக்கு வந்துவிடும். ஒரு முறை ஸ்டோர் கீப்பர் நாற்காலியோடு கவிழ்ந்தார். விழுந்ததைக்கூட மேனேஜர் பொறுத்துக்கொண்டார். விழுந்த இடத்திலேயே அவர் தூக்கத்தைத் தொடர்ந்ததுதான் மனசை நோகடித்துவிட்டது. ஏதாவது செய்யம்மா என்று அக்காவிடம் வந்து நின்றார்.

அக்கா மெனுவைத் துழாவினாள். எழுத்துகளை மேலிருந்து குதிக்க வைக்கலாம், சுழல வைக்கலாம், ஒவ்வொன்றாக நடந்து வரச் சொல்லலாம். கூடவே கண்ணாடி உடைகிற சத்தம், மேளச் சத்தம், கார் கிறீச்சென்று பிரேக் போடுகிற சத்தம், கைதட்டல் எல்லாம் வரிசையாக இருந்தன. இத்தனை நாளாக இதையெல்லாம் யார் பூட்டி வைத்தது என்று அவளுக்கு ஆச்சரியமாகப் போயிற்று. பசித்தவள் கையில் பரிமாறும் கரண்டி கிடைத்த மாதிரி அள்ளி அள்ளிப் போட்டாள்.

அடுத்த கூட்டத்தில் 'முழங்கை வளைவுக் குழாய்' என்ற தலைப்பு டமால் என்று கண்ணாடியை உடைத்துக்கொண்டு திரையில் இறங்கியது. முதல் வரிசையில் காபி கொட்டியது. அதன் பிறகு யாரும் கண்ணை மூடத் துணியவில்லை. அடுத்த சத்தம் எங்கிருந்து வரும் என்று தெரியாததால் எல்லோரும் நாற்காலியை இறுகப் பிடித்தபடி குழாய்களைப் பற்றிக் கேட்டார்கள். லாபத்தைச் சொல்லும் கடைசி வரிக்குக் கைதட்டல் வைத்திருந்தாள். திரையே தட்டும்போது நாம் சும்மா இருப்பது மரியாதையில்லை என்று எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். மேனேஜருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைதட்டல். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அதிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. சத்தம் இல்லாமல் ஒரு வரியும் கூடாது என்றார். ஒரு கூட்டத்தில் வளர்ச்சித் திட்டம் எழுத்து எழுத்தாகச் சுழன்று வந்ததில் சாப்பாட்டு நேரமே தாண்டிவிட்டது. பசி பொறுக்காத இயக்குநர்கள் திரையில் வந்தது, வராதது எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கொடுத்துவிட்டுக் கேன்டீனுக்கு ஓடினார்கள். யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை பாருங்கள் என்று மேனேஜர் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியைத் தொடங்கிய பெரியவர், நிறைந்த வயதில், உறக்கத்திலேயே காலமானார். அலுவலகத்தில் இரங்கல் கூட்டம். அவருடைய மனைவியை எல்லோரும் பெரியம்மா என்பார்கள். அவரும் குடும்பத்தாரும் வருவதாக அன்று காலையில்தான் தகவல் வந்தது. பெரியவரின் படம், தோற்றம், மறைவு, அவ்வளவு போதும், சீக்கிரம் என்று மேனேஜர் அவசரப்படுத்தினார். அக்கா போன மாத விற்பனை ஃபைலைத் திறந்து, குழாய்ப் படத்தை எடுத்துவிட்டுப் பெரியவர் படத்தை வைத்தாள். எழுத்துகளை மாற்றினாள். மெமரி கார்டைக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

அவள் திரும்பி வந்து கடைசியில் நின்றபோது விளக்கை அணைத்திருந்தார்கள். மேனேஜர் கனத்த முகத்தோடு ரிமோட்டை அழுத்தினார். கார் பிரேக் கிறீச்சிட, பெரியவர் கூரையிலிருந்து குதித்து, பந்து போல மேலும் கீழுமாகத் துள்ளி, திரை நடுவில் வந்து நின்றார்.

மேனேஜர் நிறுத்துவதாக நினைத்து அடுத்த பொத்தானை அழுத்தினார். 'தோற்றம்' மேளச் சத்தத்தோடு வந்தது. பதறி மறுபடி அழுத்தினார். லாபம் இருந்த கடைசி வரியில் இப்போது 'மறைவு' இருந்தது. அதற்கு அரங்கம் அதிரக் கைதட்டல். பழகின தோஷம், ஸ்டோர் கீப்பரும் கூடச் சேர்ந்து தட்டிவிட்டு, பாதியில் உள்ளங்கைகளை ஒட்டிவைத்துக் கும்பிடுகிற மாதிரி ஆக்கிக்கொண்டார். கடைசியில் பெரியவர் தலைகீழாகச் சுழன்று ஜன்னல் பக்கமாகப் பறந்துபோனார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டதே, வேலை போயிற்று என்று அக்கா முடிவே செய்துவிட்டாள். முதல் வரிசையில் பெரியம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த அவருடைய மைத்துனர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பெரியம்மா அதைத் தள்ளிவிட்டார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குள்ள அவர் வர்றதே இப்படித்தான்," என்றார். "கதவை இடிச்சு, செருப்பை உதறி, எதையாவது உடைச்சுட்டுத்தான் வருவார். காலையிலருந்து எல்லாரும் அவரைச் சாந்தம், சாந்தம்னு சொல்லிட்டிருக்கீங்க. யாரோ வேற ஆளைப் பத்திப் பேசற மாதிரி இருந்துச்சு. இன்னொரு தடவை போடுங்க."

பெரியவர் மறுபடியும் துள்ளி வந்தார். இந்த முறை பெரியம்மாவின் மகளும் சிரித்துவிட்டாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாயிற்று. மைத்துனர் மட்டும் தண்ணீரைத் தானே குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பெரியம்மாவின் கார் அக்காவை அழைக்க வந்தது. திட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு போனாள். பெரியம்மா சாப்பாட்டு மேசை முழுக்கப் போட்டோக்களைப் பரப்பி வைத்திருந்தார். எல்லாம் பெரியம்மாவின் படங்கள்.

"எனக்கும் நீயே போட்டுக் குடு."

அக்கா திடுக்கிட்டு, அதற்கெல்லாம் இப்போது என்ன அவசரம் பெரியம்மா என்றாள்.

"அப்புறம் போட்டா நான் எப்படிப் பார்க்கறது?"

அக்கா கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

சனிக்கிழமைதோறும் வேலை நடந்தது. பெரியம்மா சுலபத்தில் திருப்தியாகிற ஆள் இல்லை. கல்யாணப் போட்டோ தயங்கித் தயங்கி வர வேண்டும், மணப்பெண்ணாக அன்றைக்கு அவர் அப்படித்தான் வந்தாராம். தையல் கற்ற வருஷத்துக்குச் சத்தமே வேண்டாம். மாமியார் படத்துக்குக் கண்ணாடி உடைகிற சத்தம் வைத்தார், மறுநாள் போன் செய்து எடுக்கச் சொன்னார், அதற்கடுத்த வாரம் திரும்ப வைத்தார். மைத்துனர் வந்த வேகத்திலேயே போய்விட வேண்டும். இடையிடையே பெரியம்மா கதை சொல்வார். அக்கா மவுஸை விட்டுவிட்டுக் கேட்பாள். தனக்குப் பிடிக்காத நாத்தனாரைப் பற்றி அவளும் ஒருநாள் சொல்லிவிட்டாள். அதற்கு என்ன சத்தம் பொருந்தும் என்று இருவரும் மதியம் முழுக்க யோசித்தார்கள்.

பெரியம்மாவின் பிறந்தநாளுக்குச் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, ஹாலில் திரை கட்டி, அவருடைய இரங்கலை ஓட்டினார்கள். அவரே முதல் வரிசை நடுவில் உட்கார்ந்திருந்தார். மைத்துனர் தன் படத்தைப் பார்க்கக் கண்ணாடியை மாட்டுவதற்குள் அது போய்விட்டது. கடைசியில் 'மறைவு' என்ற சொல் வந்து, பக்கத்தில் கோடு மட்டும் காலியாக நின்றது. கைதட்டல் கேட்டது. தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெரியம்மா எழுந்து, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, அக்காவைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

அதைப் பார்த்தவர்களெல்லாம் இப்போது வரிசையில் நிற்கிறார்கள். மேனேஜர்கூட ஒருநாள் போட்டோக் கவரோடு வந்து, தன் படம் கொஞ்சம் மெதுவாக வரட்டும், கைதட்டல் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும் என்று தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போனார். அக்கா குழாய் வேலையை விட்டுவிட்டாள். வீட்டு முன்னறையில் ஒரு மேசை, இரண்டு ஸ்பீக்கர். உயிரோடு இருப்பவர்கள் வந்து உட்கார்ந்து தங்களுக்கு வேண்டிய சத்தங்களைக் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அவளுடைய மாமியாருக்கு மட்டும் ஒரு சங்கடம். பக்கத்து வீட்டுக்காரர்கள், மருமகளுக்கு என்ன வேலை, வீட்டில் ஒரே கிறீச்சும் டமாலுமாக இருக்கிறதே என்று கேட்கிறார்கள். எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, இப்போது அவர் ஒரே பதிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"போட்டோ ஸ்டூடியோதான். என்ன, கொஞ்சம் முன்கூட்டியே."