அலகு குத்தப் போன வாயில் சாராய வாடை

சுதந்திரம் வந்த மறு வருடம், ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி மலையடிவாரத்தில் நடந்தது இது. எனக்கு ஊர் பொதட்டூர்பேட்டை, தறி நெய்பவன். இரண்டு குழந்தைகள் தங்காமல் போய், மறுபடியும் என் மனைவி மாசமாக இருந்தாள். இதாவது நல்லபடியாகப் பிறக்கட்டும், இந்த ஆடியிலேயே கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

வந்தது பாருங்கள் வாய்ப்புண். நெசவுக்காரனுக்கு இது புதிதில்லை. தறியில் குறுக்கே ஓடும் நாடாவின் கண் வழியாக நூலை வாயால் உறிஞ்சித்தான் வெளியே இழுப்போம். சாயமும் பஞ்சும் வாய்க்குள் போகும். பட்டணத்தில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், வாய் கொப்புளிக்கும் சீமை மருந்து என்று ஒரு பாட்டில் கொடுத்தார். தண்ணீர் கலக்க வேண்டும் என்று அதன்மேல் இங்கிலீஷில் எழுதியிருந்ததை யார் கண்டது? எரிந்தால்தான் வேலை செய்யும் என்று அப்படியே ஊற்றிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, புண் ஆறவில்லை.

அன்றைக்கும் குளத்தில் முழுகிவிட்டு ஒரு வாய் கொப்புளித்தேன். அலகு குத்துபவன் என் மனைவியின் தம்பி. முகத்தருகே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“பாவா, குடிச்சிட்டா வந்துகீற?”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சாராயக் கடைகளை மூடியிருந்த காலம் வேறு. விரதம் கெட்டதென்று காவடியை இறக்கச் சொன்னால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்றிருந்தது எனக்கு.

மனைவிதான் மூட்டையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். “இதத்தான்டா கொப்புளிச்சிகினு இருக்காரு. நீயே பாரு.”

மோந்து பார்த்தும் சந்தேகம் தீராமல் கொஞ்சம் வாயில் விட்டவன், துள்ளிக்கொண்டு துப்பினான். “சாராயம் கலந்துதான் கீது. ஆனா இத எவன் குடிப்பான்?” எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாவம், வாயில் சாராயம் பட்டுவிட்டதென்று அவன் மறுபடியும் குளத்தில் முழுகிவிட்டு வந்தான்.

பிறகு என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான். உள்ளே வெந்து தோல் உரிந்திருந்தது. அலகைக் கீழே வைத்துவிட்டான். “இதுல குத்தினா சீழ் வச்சிக்கும். அக்காவுக்கு நீ வோணும் பாவா. பூக்காவடி எடு, முருகன் ஒண்ணும் கோச்சிக்க மாட்டான்.”

வேண்டுதல் மாறிப்போயிற்றே என்று பயந்துகொண்டேதான் பூக்காவடியோடு மலையேறினேன். ஸ்பிரிட் கலந்த மருந்தைப் புண்மேல் விடாதே, உப்புப் போட்ட வெந்நீர் போதும், நூலையும் வாயால் உறிஞ்சாதே என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். கம்பிக் கொக்கியால் நூல் இழுக்கப் பழகினேன். புண் ஆறியது.

ஐப்பசியில் பெண் பிறந்தாள். இன்றைக்கும் கிருத்திகைக் கூட்டத்தில் அலகு குத்தியவர்களைப் பார்த்தால் கும்பிடுகிறேன். என் வாயைப் பார்த்ததும் அலகைக் கீழே வைத்தானே, அவனையும் நினைத்துத்தான் கும்பிடுகிறேன்.