மீன்பெட்டிக்குள் ஒரு பாலம்

எங்கள் அக்காவின் மேல் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. வாதியும் நானே, வக்கீலும் நானே, சாட்சியும் நானே. தீர்ப்பு சொல்வதும் நான்தான். அப்படியும் இதுவரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. இதில் நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்போது நான் எட்டாவது, அக்கா பிளஸ் டூ. ஜெகதாப்பட்டினத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம். அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வாங்குகிறவர்களை மாவட்டப் போட்டிக்காகப் புதுக்கோட்டைக்கு வேனில் கூட்டிப்போவார்கள், மதியம் பிரியாணி என்று அறிவித்தார்கள். பிரியாணி அறிவிப்பில் இல்லை, நானாகச் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் வேனில் ஜன்னல் சீட்டு எனக்குத்தான் என்று அன்றைக்கே வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அக்காவோ இயற்பியல் புத்தகத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். துவைத்த துணியைப் பிழிவது மாதிரி ஒரு பெரிய பாலத்தைக் காற்று முறுக்கும் படம்.

"பாலம் கட்டுறதுக்கு முன்னாடி அதுல ஒரு துண்டு மாதிரி செஞ்சு, காத்துச் சுரங்கத்துக்குள்ள தொங்கவிட்டுப் பாப்பாங்கடா. எந்த வேகத்துல எப்படி ஆடுதுன்னு. நாம அதத்தான் செய்யப்போறோம்" என்றாள்.

சுரங்கத்துக்கு எங்கே போவது? மாமாவுக்கு ஐஸ் பிளான்ட்டில் வேலை. மீன் ஏற்றி அனுப்பும் தெர்மாகோல் பெட்டி நாலு கேட்டாள்.

"மீன் வாங்கவா ஆத்தா?"

"இல்ல மாமா, காத்து புடிக்க."

மாமா பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். பிறகு அம்மாவிடம் தனியாகப் போய், "புள்ளைக்குப் பரீட்சைப் பயமாக்கா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நாலு பெட்டியின் பக்கங்களையும் அறுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, நீளமான ஒரு குகை செய்தாள். உள்ளே பார்ப்பதற்குப் பக்கத்தில் கண்ணாடித்தாள். முன்வாயில் காற்று ஒழுங்காக நுழைய நூற்றுக்கணக்கில் ஸ்ட்ரா. ஜூஸ் கடை வாசலில் அவற்றைப் பொறுக்கிக் கழுவியது நான். என் விஞ்ஞானப் பங்களிப்பு அத்தோடு நின்றிருந்தால் எல்லாருக்கும் நல்லதாக இருந்திருக்கும். பின்வாயில் எங்கள் வீட்டு டேபிள் ஃபேன், பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"ஏன்டி அந்த ஃபேனு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது? அதுக்கும் ஒன்னயக் கண்டா ஆகலையா?" என்றாள் அம்மா.

"ஊதுனா காத்து சுழலும்மா. இழுத்தா நேரா வரும்."

பாலத்துண்டுகள் இரண்டு. ஒன்றுக்கு இருபக்கமும் செங்குத்தாகக் கைப்பிடிச் சுவர். மற்றதற்குச் சுவர் இல்லை, ஓரங்களைப் படகின் மூக்கு மாதிரி சீவியிருந்தாள். துண்டை மேலேயும் கீழேயும் ரப்பர் பேண்டு மாட்டிக் குகை நடுவில் அந்தரத்தில் நிறுத்தினாள். படகு மூக்குப் பாலம் ஃபேனை மூன்றில் வைத்தாலும் லேசாக நடுங்கியதோடு சரி. சுவர் வைத்த பாலம் இரண்டிலேயே சாமி வந்த மாதிரி ஆட ஆரம்பித்தது. நான் ஓடிப்போய் ஃபேனை அணைத்தேன். எங்கள் மேஜையில் முதலில் காட்டப்போவது அதைத்தான்.

"ஆடுற பாலத்துக்கு எவன் பரிசு குடுப்பான்?"

"ஆடணும்டா. அதக் காட்டத்தானே இம்புட்டும். ஒனக்குச் சொன்னா வெளங்காது, அங்கிட்டுப் போ."

சரியாகக் கட்டத் தெரியாததை மறைக்கிறாள் என்று முடிவு கட்டினேன். மறுநாள் கண்காட்சி. சாயங்காலம் அவள் டியூஷன் போன நேரம் பார்த்துத் தம்பியின் கடமையைச் செய்தேன். ஆடிய அந்தப் பாலத்தின் இரண்டு முனைக்கும் பெட்டிச் சுவருக்கும் இருந்த இடைவெளியில் தெர்மாகோல் பொடியைத் திணித்து, பசையை ஊற்றினேன். விடிவதற்குள் காய்ந்து கல்லாகிவிட்டது. பார்த்தால் தெரியாது. அவ்வளவு நேர்த்தி.

கண்காட்சி நடந்த கூடத்தில் எங்கள் மேஜை எங்கே என்று யாரும் கேட்கத் தேவையில்லை, மூக்கே கூட்டிவந்தது. நாலு பெட்டி மீன்வாடையை ஃபேன் இழுத்து இழுத்துப் பக்கத்து மேஜை எரிமலைக்காரன் முகத்தில் அடித்தது. அவன் சட்டைக் காலரை மூக்குவரை ஏற்றிக்கொண்டு எரிமலையை விளக்கினான். வெளியூரிலிருந்து வந்த நடுவரும் கைக்குட்டையோடுதான் வந்தார்.

"சார், இப்ப இந்தப் பாலம் எப்படி ஆடுதுன்னு பாருங்க சார்" என்று அக்கா ஃபேனை ஒன்றில் வைத்தாள். இரண்டு. மூன்று. ஸ்ட்ராக்கள் ஊளையிட்டன. பாலம் அசையவே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"வெரி குட். இந்தக் காத்துக்கும் அசையலையே! நல்ல ஸ்ட்ராங்கான பாலம்மா. பர்ஸ்ட் பிரைஸ் இதுக்குத்தான்" என்று நடுவர் தாளில் எழுதவே ஆரம்பித்துவிட்டார். என் மனம் வேனில் ஏறி ஜன்னலைத் திறந்தது.

அக்கா பெட்டிக்குள் கையை விட்டாள். பாலத்தை விரலால் தட்டினாள். முனையைத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சார், எழுதாதீங்க சார். இது ஒட்டியிருக்கு."

"யாரும்மா ஒட்டுனது?"

"இவன்தான் சார்."

இதுதான் என் வழக்கு! ஊரான் பிள்ளை காட்டிக்கொடுத்தால் பொறுக்கலாம். ஒரே வயிற்றில் பிறந்தவள், எழுதிக்கொண்டிருந்த பேனாவையே நிறுத்தினாள். நடுவருக்கே தெரியாததை இவள் ஏன் சொல்ல வேண்டும்? அறுத்தெடுத்துத் திரும்பக் கட்டிக் காட்டுகிறேன், அரை மணி நேரம் கொடுங்கள் என்று கெஞ்சினாள். நேரமில்லை என்று நடுவர் நகர்ந்துவிட்டார். எரிமலைக்குப் பரிசு. அவன் காலரை இறக்கிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கூடம் காலியானது. வாட்ச்மேன் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, இனி இவளோடு பேசுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தேன். அக்கா பிளேடால் என் பசையை அறுத்தாள். ரப்பர் பேண்டுகளைச் சரிபார்த்தாள். அந்தப் பாலத்தையே மறுபடி தொங்கவிட்டு, ஃபேனை ஒன்றில் வைத்தாள். பிறகு இரண்டு. பாலம் ஏறி இறங்கியது. மூன்று. இடப்பக்கம் தூக்க வலப்பக்கம் தாழ, திருகித் திருகி ஆடியது. ஒரு ரப்பர் பேண்டு அறுந்தது, இன்னொன்றும் அறுந்தது. பாலம் கண்ணாடித்தாளில் மோதி இரண்டாக முறிந்தது.

"பாத்தியாடா! திருகிக்கிட்டே ஒடஞ்சுச்சு, பாத்தியா!"

கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள். வாட்ச்மேனையும் கூப்பிட்டு உடைந்த துண்டுகளைக் காட்டினாள். பரிசும் போய், பாலமும் போய், பார்க்க நடுவரும் இல்லாத கூடத்தில் ஒருத்தி இப்படிக் குதிக்கிறாளே, இவளை எந்த டாக்டரிடம் கூட்டிப்போவது என்பதுதான் அப்போது என் கவலையாக இருந்தது.