துணிக்குக் காவல்

நல்லெண்ணெயும் சீயக்காயும் கலந்த ஈரத் துணியின் வாடைதான் குற்றாலம் என்றதும் எனக்கு முதலில் வருவது. அருவியின் குளிர்ச்சி அதற்கு அப்புறம்தான். ஆனி, ஆடிச் சாரலில் எங்கள் ஊர் வடகரையிலிருந்து பெரியப்பா வீட்டாரும் நாங்களுமாகக் கிளம்பிப் போவோம். எல்லோரும் அருவிக்குள் நுழைந்ததும், மாற்றுத் துணி, துண்டு, அப்பாவின் கைக்கடிகாரம், முதலில் குளித்து வந்தவர்கள் பிழிந்து போட்ட ஈரச் சேலை எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருப்பது என் வேலை. "துணிக்குக் காவல்" என்று அதற்குப் பெயர். கடைசியில், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், தலையை நனைத்துவிட்டு வர எனக்கும் கொஞ்ச நேரம் கிடைக்கும்.

என் தங்கை வள்ளியை ஒருமுறை அந்த வேலைக்கு உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை. "இந்த ஈரத் துணிய எவன்மா தூக்கிட்டுப் போவான்? அப்படியே வந்தாலும் அவன நான் என்ன செய்ய முடியும்?" என்று இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். பதில் இல்லாத இடத்தில் எங்கள் வீட்டில் வழக்கமாக வருவதுதான் அன்றும் அம்மாவிடமிருந்து வந்தது: "ஏட்டி, எதுத்தா பேசுத? வாயிலயே ஒண்ணு போட்டேன்னா தெரியும்!" அதற்குள் அவள் அருவிக்குள் ஓடியிருந்தாள். அம்மா என் பக்கம் திரும்பி, "நீ இருட்டி, என் ராசாத்தி. அவளுக்கு எது சொன்னாலும் ஒறைக்காது" என்றாள். நான் இருந்தேன். திரும்பும் வழியில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தில் முதல் கை எனக்குத்தான்.

வள்ளி கேட்டதெல்லாம் துணியைப் பற்றியே இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் வயலில் வேலை செய்த ஒருவருக்குக் கொல்லைப்புறத்தில் காப்பி ஊற்றியபோது, "இவருக்கு மட்டும் எதுக்கும்மா அந்த நசுங்குன டம்ளர்?" என்று அவர் காதுபடவே கேட்டுவிட்டாள். அன்று அம்மா கை நீட்டினாள். எனக்கும் அந்த டம்ளர் தெரியும், அது தனியாகக் கவிழ்ந்திருக்கும் இடமும் தெரியும். ஆனால் அடி விழும் வழி எது, சிப்ஸ் கிடைக்கும் வழி எது என்பது எனக்கு அதற்கு முன்பே பழகிவிட்டது. அருவிக்கரையில் ஒரு 'ஏன்' கேட்க விட்டால் அது அடுக்களைக்கு வந்துவிடும், அங்கிருந்து சாதிக்கும் கல்யாணத்துக்கும் சொத்துக்கும் போய்விடும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் அது தெரிந்திருந்தது. அங்கே கேள்வி என்பது பாடத்தின் கடைசியில் அச்சடித்திருப்பது. பதிலும் அந்தப் பாடத்துக்குள்ளேயே கிடைப்பது.

நான் படித்தேன், வேலைக்குப் போனேன், தென்காசியில் குடியேறினேன். என் மகள் நான்கு வயதில் ஓயாமல் கேட்டாள்: நிலா ஏன் நம்ம பஸ்கூடவே வருது, தாத்தாவுக்கு வச்ச சோற காக்கா ஏன் திங்குது, நீ மட்டும் ஏன் கோவப்படலாம். அலுவலகத்திலிருந்து வந்த அலுப்பில், அம்மாவின் மிரட்டலையே கொஞ்சம் நாகரிகமாக்கி, "அது அப்படித்தான், போய்ப் படி" என்றேன். ஒவ்வொன்றாகக் கேள்விகள் நின்றன. "உங்க பொண்ணு கிளாஸ்ல இருக்குத இடமே தெரியாது" என்று அவளுடைய ஆசிரியை சொன்னபோது எனக்குப் பூரிப்பாக இருந்தது.

போன சாரலில் குற்றாலத்து ஐந்தருவிக்குப் போனோம். அவளுக்குச் சளி. பெண்கள் பக்கத்தில், ஓடையோரப் பாறையில் பையோடு உட்கார வைத்து, "நான் வாரது வரைக்கும் இங்கன இருந்து அசையக் கூடாது, என்ன?" என்றேன். "சரிம்மா" என்றாள்.

மலைக்கு மேல் பெய்த மழை கீழே இருந்த எங்களுக்குத் தெரியவில்லை. திடீரென்று தண்ணீர் கலங்கி, கனத்து விழத் தொடங்கியது, விசில் ஊதினார்கள், கூட்டம் படியைப் பார்த்து முண்டியதில் நான் வேறு பக்கமாக வெளியே தள்ளப்பட்டேன். அங்கிருந்து பார்த்தால், பாறையைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருந்த பிள்ளைகளெல்லாம் ஓடிவிட்டார்கள். என் மகள் மட்டும் பையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள், தண்ணீர் அவள் இடுப்பைத் தொட்டுவிட்டது. நான் கத்தியது அருவியின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. தலையில் சீயக்காய் நுரையோடு யாரோ ஒரு பெண் பாய்ந்து, அவள் கையைப் பிடித்து இழுத்து மேட்டில் ஏற்றினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒம் பிள்ளையா? எத்தன கூப்பாடு போட்டேன், அசைய மாட்டேங்கா. காது கேக்காத பிள்ளையோன்னுல்லா நெனச்சேன்!" என்றாள்.

"தண்ணி வாரதப் பாக்கலியா?" என்று மகளைப் பிடித்து உலுக்கினேன்.

"பாத்தேன்."

"பயமா இல்லையாட்டி?"

"இருந்துச்சு. நீதான அசையக் கூடாதுன்ன? எந்திரிச்சா வைவியேன்னு இருந்தேன்."

ஏறிவந்த வெள்ளத்தைவிட என் வசவு அவளுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. அந்தப் பயம் தானாக வந்ததல்ல. நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்று சொல்லிச் சொல்லி நான் ஊட்டியது. பாறையில் அந்த நேரத்தில் அவளிடம் இருந்திருக்க வேண்டியது ஒரே ஒரு 'ஏன்'தான். அம்மா சொன்னாள் சரி, ஆனால் இப்போதும் ஏன் நான் இங்கே இருக்க வேண்டும்? அதை அவளிடமிருந்து பிடுங்கிப் போட்டவள் நான்.

இந்த வருடமும் சாரல் தொடங்கிவிட்டது. நாங்கள் இன்னும் குற்றாலம் பக்கம் போகவில்லை. பஸ் ஜன்னலில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு நிலாவைப் பற்றித் துளைத்தெடுத்த அந்தக் குரல் இந்த வீட்டில் எங்கே போனது என்று சில நாட்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். நேற்றுச் சாப்பிடும்போது அவளிடம், "இனிமே யார் என்ன சொன்னாலும் ஏன்னு கேக்கணும். நான் சொன்னாலும் கேளு, அம்மா வைய மாட்டேன்" என்றேன். உடனே தலையாட்டினாள். பிறகு, "என்ன கேக்கணும்னு சொல்லும்மா, கேக்கேன்" என்றாள்.