கனவுக்குப் பந்தல் போடும் வேலை

கல்யாணத்துக்குத் 'தீம்' அமைத்துக் கொடுப்பது என் தொழில். அதாவது, கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவர்கள் அரைத்தூக்கத்தில் கண்டதை மூங்கில், துணி, பூ, விளக்கு வைத்துக் குறித்த நாள் சாயங்காலத்துக்குள் நிற்க வைப்பது. உங்கள் வீட்டிலும் ஒரு கல்யாணம் நடந்திருக்கும். அன்று உங்களைத் தூங்கவிடாத அத்தனை பேரும் எனக்கு வருஷம் முழுக்க வாடிக்கையாளர்கள் என்று நினைத்துக்கொண்டால் என் நிலைமை புரிந்துவிடும். எனக்குத் துணை சேகர். அரியாங்குப்பத்துக்காரர், லைட் வேலை அவருடையது. நான் கனவைக் கேட்டுக்கொண்டு வந்து சொல்வேன்; அதற்கு எங்கே ஒயர் இழுப்பது என்று அவர் யோசிப்பார்.

சூரியன் மறையாத கடல்

பெங்களூரில் வேலை பார்க்கும் பெண் அவள். கல்யாணம் இங்கே. போனில் படம் படமாக அனுப்பியிருந்தாள். ஆரஞ்சு நிற வானம், கடலுக்குள் இறங்கும் சூரியன், அதற்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்த நீள மேஜை. கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்து இப்படித்தான் இருக்க வேண்டுமாம். படமெல்லாம் மேற்குக் கரையில் எடுத்தவை. "நம்ம ஊர்ல சூரியன் கடல்ல மறையாதும்மா. பஸ் ஸ்டாண்டு பக்கம்தான் மறையும்" என்றேன்.  அவள் மெதுவாக, "காலேஜ் படிக்கும்போதே நெனச்சு வெச்சது மேடம். எப்படி இது எனக்குத் தோணாமப் போச்சு" என்றாள். அழுகிறாளோ என்று பயமாக இருந்தது.

போனை வைத்துவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். விருந்து நாள் பௌர்ணமி. பௌர்ணமியன்று இந்தப் பக்கம் சூரியன் இறங்கும்போது அந்தப் பக்கம் கடலிலிருந்து நிலா ஏறும். திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். வேறு வழியில்லாமல் சரி என்றாள். வீராம்பட்டினம் பக்கம் கரையில் மேஜைகளைக் கிழக்கே பார்த்துப் போட்டோம். சேகரிடம் கண்ணாடிக் கூண்டு விளக்குகள் மட்டும் போதும், வேறு லைட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சூரியன் போய்விட்டது. நிலா வரவில்லை. அடிவானத்தில் ஒரே மூட்டம். மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் சாய்ந்து, "நிலா வருமா, நாங்க சாப்பிடலாமா?" என்று கேட்டார். இலை, தண்ணி, மைக் என்று எதற்கெல்லாமோ பதில் சொல்லியிருக்கிறேன். நிலாவுக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது அன்றுதான்.

அப்புறம் யாரோ "அதோ" என்றார்கள். மூட்டத்துக்கு மேலே, ஊதிவிட்ட தணல் மாதிரி ஒரு கீற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுசாக, சிவப்பாக, ரொம்பப் பெரியதாக ஏறி வந்தது. தண்ணீரில் ஒரு பாதை நெளிந்து நெளிந்து எங்கள் மேஜை வரைக்கும் வந்து நின்றது.  போனை எடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்திருந்த அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "நல்ல வேளை மேடம், சூரியன் இந்தப் பக்கம் மறையல."

எல்லாம் பிளான்

பெண் வீட்டார் பாரீசில் இருக்கும் தமிழ்க் குடும்பம். கடற்கரைப் பக்கம் அவர்களுக்கு நடுவில் முற்றம் வைத்த பழைய வீடு. பெண்ணின் அம்மாவை எல்லாரும் மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். "விருந்துக்கு எல்லாம் பிளான்" என்றார் மதாம். "எல்லாத்தையும் பிளான் பண்ணிடலாம் மதாம்" என்றேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். பிரெஞ்சில் 'பிளான்' என்றால் வெள்ளை. துணி, பூ, மேஜை, விருந்தாளிகள் உடுத்தி வருவது எல்லாமே வெள்ளையாக, மேகத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை வீடு பாகூர் பக்கம், விவசாயக் குடும்பம். அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். விருந்துக்கு வெள்ளை உடுத்தி வரச் சொன்னதைக் கேட்டதும் அந்த அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சமாதானம் பேச நான்தான் போனேன். கரும்புத் தோட்டத்து ஓரம் நின்று அவர் கோபமே இல்லாமல் சொன்னார்: "எம் புருஷன் போனப்ப ஊரே சொல்லுச்சு. அப்பவே நான் வெள்ளை கட்டல. புள்ள கல்யாணத்துக்கு இப்பக் கட்டுவனா?" அதை அப்படியே கொண்டுவந்து மதாமிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கையிலிருந்த மோதிரத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "நான் இதை யோசிக்கல. அவங்க என்ன கலர் வேணும்னாலும் கட்டட்டும். எல்லாரும் கட்டட்டும்" என்றார். "வெள்ளை மட்டும் அங்கங்க இருக்கட்டும், நீங்க பாத்துக்குங்க."

வரவழைத்திருந்த வெள்ளைத் துணியை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டுப் பூ மார்க்கெட்டுக்குப் போனோம். முற்றத்துக்கு மேலே கூரை மாதிரி முழுக்க முழுக்க மல்லிச் சரம். மொட்டாகத்தான் கட்டினோம், பொழுது சாய அதுவாக விரிந்தது. அந்த வாசனை தெருமுனைக்கே வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா அரக்குப் பட்டில் வந்து வாசலிலேயே நின்றார். மதாம் போய் கைக்கெட்டின சரத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் பூ வைத்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். மகனைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். வாங்கித் தானே கொண்டையில் செருகிக்கொண்டு, மேலே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மதாமிடம் சொன்னார்: "இது வெள்ளை இல்லம்மா. இது மல்லி."

மேகத்தில் நடை

ஒரு பெண் மேகத்தின் மேல் நடந்து மேடைக்கு வர ஆசைப்பட்டாள். புகை விடும் மெஷின் கொண்டுவந்தோம். மண்டபத்து வாசலில் அவள் வந்து நின்றாள். சேகர் லேசான நீல வெளிச்சம் போட்டார். தரையோடு புகை சுருண்டு சுருண்டு போக, பாவாடை நுனி மறைய அவள் மிதந்து வந்தது எனக்கே கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த நேரத்தில் நாகஸ்வரம்கூட மெதுவாகத்தான் வாசித்தார்கள். பாதி தூரம் வந்திருப்பாள். முன்வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டிருந்த தன் மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் என்னிடம் அக்கறையாகச் சொன்னார்: "சோத்தை மூடி வையுங்கம்மா, கொசு மருந்து அடிக்கிறாங்க."

விழுப்புரம் பாசஞ்சர்

இவர்கள் இரண்டு பேரும் தினமும் காலையில் விழுப்புரத்துக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள். எதிரெதிர் ஜன்னலில் உட்கார்ந்து பழக்கமாகி, பழக்கம் கல்யாணத்தில் வந்து நின்றது. பெண்ணின் அப்பாவுக்கு மட்டும் இதில் சம்மதமில்லை. அம்மாவும் தம்பியும் வருவார்கள், அப்பா வரமாட்டார் என்று அந்தப் பெண் சொல்லும்போது குரல் உடையவில்லை. அதற்குமுன் நிறைய அழுது முடித்திருப்பாள் போல. முந்தின நாள் விருந்து ரயில் பெட்டி மாதிரி இருக்க வேண்டும் என்றாள். நீல நிற சீட்டு, ஜன்னல் கம்பி, கொக்கியில் தொங்கும் பை எல்லாம் செய்தோம். ஜன்னலுக்கு வெளியே வயலும் பனைமரமும் ஓடுகிற மாதிரி சேகர் திரையில் படம் போட்டார். உள்ளே உட்கார்ந்தால் உண்மையிலேயே எங்கேயோ போய்க்கொண்டிருப்பது போலிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த குழந்தைகள் பனைமரத்துக்கு டாட்டா காட்டினார்கள்.

விசில் ஊதினதும் பரிமாற ஆரம்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெண் என்னிடம் வந்து, "இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வெக்கலாமா அக்கா?" என்றாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. சாம்பாரை இரண்டாம் தடவை சூடு பண்ணினோம். பசியில் குழந்தைகள் சிணுங்கின. சரி, இனிமேல் முடியாது என்று நான் விசிலுக்குக் கையைத் தூக்கப் போகும்போது வாசலில் ஒருவர் நின்றார். சட்டைக் கையை மடித்துவிட்டபடி, வீட்டில் இருந்தபடியே கிளம்பி வந்த மாதிரி. அவர் யாரென்று தெரியாத மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன், கறுப்புக் கோட்டு போட்டு டிக்கெட் பரிசோதகர் வேஷத்தில் நின்றவன், வந்த எல்லாரிடமும் செய்ததுபோல விளையாட்டாகக் கையை நீட்டி "டிக்கெட் சார்?" என்றான்.  திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அவனையும் பார்த்தார், உள்ளே எழுந்து நின்ற மகளையும் பார்த்தார்: "டிக்கெட் இல்ல தம்பி. எம் பொண்ணு இந்த வண்டியிலதான் போவுது."

மாடியில் ஒரு கனவு

நெல்லித்தோப்பில் ஒரு நெருக்கமான தெரு. அப்பாவுக்கு இங்கேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கம்பெனி வேலை. அம்மா இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. கல்யாணப் பெண் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். அவளுக்கு அடிக்கடி ஒரு கனவு வருமாம். வானம் ரொம்பக் கிட்டத்தில், கை நீட்டினால் தொடுகிற உயரத்தில், நீலமாக அசைந்துகொண்டிருக்கும். அதன் கீழே எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். பரிமாறுவது யார் என்று மட்டும் தெரியாது, ஆனால் வளையல் சத்தம் கேட்கும். "அது மாதிரி பண்ண முடியுமா?" என்றாள். அம்மாவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டேன். பதிலுக்கு மூடியிருந்த பீரோவைக் கையால் காட்டினாள்.

அம்மா போனதிலிருந்து அவள் அப்பா அந்தப் புடவை பீரோவைத் திறந்ததே இல்லையாம். நான் விஷயத்தைச் சொன்னபோது, "கிழியாம கட்டுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். பின் குத்தாமல், ஆணி படாமல், முந்தானை நுனியை மட்டும் முடிச்சுப் போட்டு, மொட்டை மாடி முழுக்க நீலப் புடவைகளை நீள நீளமாகக் கட்டினோம். வான நீலம், ராமர் நீலம், மயில் கழுத்து. சாயங்காலக் காற்று வந்ததும் அத்தனையும் மூச்சு விடுகிற மாதிரி மெல்ல ஏறி இறங்கின. கீழே இலை போட்டிருந்தது. யாரும் உரக்கப் பேசவில்லை. பெண் அண்ணாந்து பார்த்தபடியே சாப்பிட்டாள். அவள் அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் மேலே உற்றுப் பார்த்துவிட்டு, "அந்த மயில் கழுத்து என்னுது. ஒரு விசேஷத்துக்கு வாங்கிக் கட்டிக்கினு போனவ, திருப்பிக் குடுக்கவே இல்ல" என்றார். அப்பா சட்டென்று சிரித்துவிட்டார். சிரித்ததோடு முதல் கவளத்தையும் எடுத்தார். "இறக்கினதும் குடுத்துடறேன்" என்றார். பக்கத்து வீட்டு அம்மா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டு சொன்னார்: "இருக்கட்டும். அவகிட்டயே இருக்கட்டும்."

சேகர் உட்கார்ந்த நாள்

கடைசியில் சேகருக்கே கல்யாணம் வந்தது. என்ன தீம் வேண்டும் என்று கேட்டேன். "எதுவும் வாணாம்க்கா. எந்த பல்பு எரியல, எந்த ஒயர் சூடாவுதுன்னு பாக்காம அன்னிக்கு ஒரு நாள் உக்காந்துக்கினு இருக்கணும்" என்றார். என்னிடம் இதுவரை யாரும் கேட்டதிலேயே செய்து கொடுக்கக் கஷ்டமானது அதுதான். வேறு ஆளை வைத்து லைட் போட்டோம். அரியாங்குப்பத்தில், ஆற்றங்கரையை ஒட்டின ஒரு தென்னந்தோப்பில் சாயங்கால விருந்து. தென்னை மரத்துக்கு மரம் சின்னச் சின்ன மஞ்சள் விளக்கு. ஆற்றுக் காற்றில் ஓலை அசையும்போது விளக்கும் சேர்ந்து அசைந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் சேகர் உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் மரம் மரமாக ஏறி இறங்கியது.

பந்தி நடுவில் விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. ஒரு கணம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு ஆற்றின் வெளிச்சம் மெல்லத் தெரிந்தது. தோப்புக்கு மேலே நட்சத்திரம் தெரிந்தது. எங்கேயோ ஒரு குழந்தை சிரித்தது. யாரோ தண்ணீர் ஊற்றுகிற சத்தம், நிற்காமல் ஓடும் பந்திப் பேச்சு. நான் சேகர் பக்கம்தான் பார்த்தேன். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எழுந்தே விட்டார். அப்போது பெண், அன்று காலைதான் தாலி ஏறிய பெண், அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "இருங்க. இருட்டுல எல்லாரும் எவ்ளோ அழகா பேசறாங்க, கொஞ்சம் கேட்டுட்டுப் போவலாம்."

மூங்கிலும் பூவும் விளக்குமாக நாங்கள் எவ்வளவு ஒழுங்காகக் கனவைக் கட்டி நிறுத்தினாலும், அதற்குள் வருகிறவர்கள் முதல் வேலையாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுக் குடும்பக் கதை பேச ஆரம்பித்துவிடுகிறார்கள், அதன் பிறகுதான் அது கல்யாண வீடு மாதிரி தெரிகிறது என்பது இந்தத் தொழிலில் நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாத உண்மை.