கெட்டில் வாங்கிய கம்ப்யூட்டர்

அவளுக்குக் கெட்டில் என்று பெயர் வைத்தவன் அண்ணன். சுவிட்சைப் போட்ட உடனே கொதித்துவிடுவாள், ஆறுவதற்குத்தான் நேரம் பிடிக்கும் என்பது அவன் சொன்ன விளக்கம். அம்மா முதலில் அவனை அதட்டிப் பார்த்தாள். பிறகு அவளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். கல்லூரிப் பதிவில் வேறொரு அழகான பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.

அந்தக் கெட்டில் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பினாள். கணக்குப் போடுகிற கம்ப்யூட்டர் இல்லை, கேம் ஆடுகிற கம்ப்யூட்டர். மாலையில் ஒரு நோட்டுப் புத்தகக் கடையின் கல்லாவில் நின்று சேர்த்த சம்பளத்தில் புதியது வாங்கப் போனால் அதன் அட்டைப்பெட்டிதான் கிடைக்கும். ஆகவே பழையதுதான், யாராவது ஆடி அலுத்துப்போனது.

படிக்கிற வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை. சொன்னால் புரியாது. அண்ணன் வெளிநாட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறான். போனில் அவனோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று. "சாப்டியா? அம்மா நல்லா இருக்காங்களா? சரி, வைக்கிறேன்." அவ்வளவுதான், வைத்தேவிடுவான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இருவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் கேமுக்குள் நுழைந்துவிட்டால் அவன் வேறு ஆள். ஒரு பாழடைந்த கோட்டை, அலை அலையாக ஏறி வரும் எதிரிகள், முதுகோடு முதுகு ஒட்டி நின்று காக்க வேண்டிய இரண்டு பேர். கை வேலையாக இருக்கும்போதுதான் அவனுக்கு வாய் திறக்கும். முதுகுவலி, கூட இருப்பவனின் குறட்டை, கிடங்குக்குள் புருவத்தில் பனி பிடிப்பது, அம்மாவிடம் சொல்லக்கூடாத இன்னும் சில, எல்லாம் அம்பு மழைக்கு நடுவேதான் வெளியே வரும். பதிலுக்கு அவள் "ம்... அப்புறம்? இந்தப் பக்கம் பாரு, ஏறி வரான்" என்று சொன்னால் போதும்.

அந்தக் கேமைப் புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று அதைச் செய்தவர்கள் ஒரு நாள் கனம் ஏற்றிவிட்டார்கள். அவளுடைய ஓட்டை லேப்டாப் மூச்சுத் திணறியது. இவள் வாளை உருவி முடிப்பதற்குள் எதிரி வந்து, வெட்டி, வீட்டுக்கே திரும்பியிருப்பான். கேம் இல்லாமல் சும்மா ஹெட்போனில் பேசிப் பார்த்தார்கள். "சாப்டியா?" என்றான் அண்ணன். "ம்" என்றாள். "சரி, வைக்கிறேன்" என்றான். அன்றைக்கு முடிவு செய்தாள், வாங்கியே தீருவது என்று.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எரிச்சல், எரிச்சல், மேலும் எரிச்சல். பழைய பொருள் விற்கிற தளங்களில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ஒருவன் ஏழு நிறத்தில் மின்னும் பெட்டியின் படத்தைப் போட்டிருந்தான். இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தால், மின்னியது பெட்டி மட்டும்தான். கேமை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு இருக்க வேண்டிய இடத்தில் தூசிதான் இருந்தது. "அது தனியா வாங்கிக்கணும்" என்றான், உப்பு தனியாகப் போட்டுக்கொள்ளச் சொல்கிற தோரணையில். இன்னொருவன் விற்றது கருகின வாடை அடித்தது. மூன்றாவது ஆள் "உங்களுக்காகத்தான் வெச்சிருக்கேன்" என்று சத்தியம் செய்துவிட்டு, இவள் பஸ்ஸில் பாதி வழி வரும்போது வேறு யாருக்கோ விற்றுவிட்டு "சாரி சிஸ்டர்" என்று செய்தி அனுப்பினான்.

அதைவிட ஆத்திரம், போன இடமெல்லாம் ஒரே கேள்வி.

"யாருக்கும்மா? தம்பிக்கா?"

"எனக்கு."

"உங்களுக்கா? நீங்களா ஆடுவீங்க?"

அதோடு விட்டால் பரவாயில்லை. பாடம் நடத்துவார்கள். ஒரு கடைக்காரர் விசைப்பலகையைக் காட்டி, "இது கீபோர்டு" என்றார். கெட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்படிங்களா? நான் ஆர்மோனியம்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அன்றிலிருந்து யார் எதை விளக்க வாயெடுத்தாலும் "தெரியும்" என்று வெட்டிவிடுவது வழக்கமாயிற்று. பாதி நேரம் உண்மையிலேயே தெரியும். மீதி நேரம் வீட்டுக்குப் போய்த் தெரிந்துகொள்வாள்.

கடைசியில் அகப்பட்டவர் ஒரு மருந்துக்கடைக்காரர், முதலாளி இல்லை, மருந்து எடுத்துக் கொடுக்கிறவர். நல்ல மனிதர், கொஞ்சம் வழுக்கை, முகத்தில் நிரந்தரத் தூக்கக் கலக்கம். குழந்தை பிறந்திருந்தது. கம்ப்யூட்டர் இருந்த மூலைக்குத் தொட்டில் வர வேண்டும் என்று மனைவி தீர்மானம் போட்டுவிட்டார். மனிதர் அந்தப் பெட்டியைத் துணியால் துடைத்துக் காட்டிய விதத்தைப் பார்த்தால், விற்கிறாரா வழியனுப்புகிறாரா என்று சொல்ல முடியவில்லை. கெட்டிலின் கேமையே போட்டுக் காட்டினார். கோட்டைச் சுவரில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. எதிரி ஓடி வரும்போது புழுதி கிளம்பியது. விலையும் கைக்கு எட்டியது. அப்போதே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் முகத்தில் காட்டாமல் உம்மென்று நின்றாள். பேரம் படிய வேண்டுமே.

காசு கைமாறியதும் அவர் பெட்டியின் பின்புறத்தைத் திருப்பினார். "ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். திரையோட ஒயரை மாட்டும்போது..."

"தெரியும் சார்."

"இல்லம்மா, இதுல பாத்தீங்கன்னா ரெண்டு..."

"தெரியும்னு சொன்னேன்ல."

அவர் வாயை மூடிக்கொண்டார். பாவம், குழந்தை பிறந்ததிலிருந்தே வீட்டில் அவருக்கு அது பழகியிருக்க வேண்டும்.

மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இல்லை. அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். "வீட்ல ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் சும்மா கெடக்குது. இது என்ன, பொண்ணு வீட்டு சீதனமா?" என்று அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் புலம்பினாள். அவள் ஒரு பெரிய ஹோட்டலில் படுக்கை விரிப்புகளை எண்ணிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டும். மகன் நன்றாகத்தான் இருக்கிறான் என்று நம்புகிறாள், ஏனென்றால் போனில் அவன் அப்படித்தான் சொல்கிறான்.

அந்த ஞாயிறு கெட்டில் எல்லா ஒயரையும் மாட்டி, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கே அண்ணன் காத்திருந்தான். கேம் திறந்தது. கோட்டை தெரிந்தது. எதிரி ஒருவன் ஓடி வந்தான், நின்றான், மறைந்தான், அவளைக் குத்திக்கொண்டிருந்தான். லேப்டாப்பைவிட மோசம். அணைத்துப் போட்டாள். கழற்றி மாட்டினாள். பெட்டியைத் தட்டினாள். திட்டியும் பார்த்தாள்.

"பரவால்ல விடு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றான் அண்ணன். பிறகு ஏதோ சொல்ல வந்தவன், "சரி, வைக்கிறேன்" என்றான்.

கெட்டில் கொதித்தது. மறுநாள் கல்லூரிக்குப் போகாமல் நேராக மருந்துக்கடைக்குப் போனாள். இருமல் மருந்துக்கும் தலைவலி மாத்திரைக்கும் வரிசையில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, "என்ன சார், நல்லா தலையில மொளகா அரைச்சீங்க? உங்க வீட்டுல ஓடுது, எங்க வீட்டுல ஓடல. அன்னிக்குக் காட்டினது என்ன, கண்கட்டு வித்தையா? உள்ள இருந்த கார்டை மாத்திட்டுக் குடுத்திருக்கீங்க!" என்று பொரிந்தாள். கல்லாவில் இருந்த கடை முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வரிசையில் நின்ற ஒரு பெரியவர், வாங்கிய மாத்திரையைச் சந்தேகத்தோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரருக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை வரேம்மா. வந்து பாக்குறேன். இங்க வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

சொன்னபடி வந்தார், தோளில் குழந்தையோடு. மனைவி ராத்திரி முழுவதும் தூங்கவில்லையாம், இப்போதுதான் கண் அயர்ந்தாராம். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அவர் கம்ப்யூட்டர் பக்கம் வந்து, குழந்தை நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து பின்புறத்தைப் பார்த்தார். பிறகு மேலே குத்தியிருந்த திரையின் ஒயரைப் பிடுங்கி, ஒரு சாண் கீழே இருந்த இன்னொரு ஓட்டையில் குத்தினார். அவ்வளவுதான். மேலே இருந்தது வெறும் கம்ப்யூட்டருக்கு. கீழே இருந்ததுதான் கிராபிக்ஸ் கார்டுக்கு. இத்தனை விலை கொடுத்து வாங்கிய கார்டு ஒரு வாரமாக ஒரு வேலையும் செய்யாமல் உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தது.

"இதைத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன்" என்றார். குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பாள். இப்போது தரை பிளந்து உள்ளே போனால் தேவலாம் என்றிருந்தது. கல்லூரியில் வாங்கும் மதிப்பெண், கடைகளில் சொன்ன "தெரியும்", மருந்துக்கடையில் போட்ட கூச்சல் எல்லாம் வரிசையாக நின்று சிரித்தன. "சாரி சார்" என்றாள்.

கேமைத் திறந்தாள். கோட்டை, கல், புழுதி, எல்லாம் வந்தன. "அண்ணா, வந்துட்டேன்! ஓடுதுண்ணா!" என்று மைக்கில் கத்தினாள்.

"அப்பாடா! கெட்டில், வா வா, அலை வரப்போவுது" என்றான் அண்ணன். குரலில் பழைய துள்ளல்.

பின்னால் ஒரு செருமல். மருந்துக்கடைக்காரர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார், தெருவில் தன் பழைய வீட்டைக் கடந்து போகிறவர் மாதிரி. "ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரே ஒரு ஆட்டம். எல்லாம் சரியா ஓடுதான்னு பாத்த மாதிரியும் இருக்கும்."

இத்தனை வாரம் காத்திருந்தது இந்த நாற்காலிக்காக. மாட்டேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் போன திங்கட்கிழமை அதே நாக்கு செய்த காரியத்துக்குப் பிறகு எந்த முகத்தோடு மறுப்பது? எழுந்தாள். அவர் குழந்தையை அவள் கையில் வைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் கை தானாக ஒயரில் இருந்த சின்ன பொத்தானைத் தள்ளியது. குழந்தை பிறந்த நாளிலிருந்து வந்த பழக்கம். அழுகைச் சத்தம் எதிர்ப்பக்கத்துக்குக் கேட்கக்கூடாது அல்லவா, அதற்காக மைக்கை அணைத்துவிடுவார். இடத்தில் ஆள் மாறியதை அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று கெட்டில் நினைப்பதற்குள் அலை வந்துவிட்டது.

மனிதர் நன்றாகவே ஆடினார், அது இன்னும் எரிச்சல். தூக்கக் கலக்கம் எங்கே போயிற்றோ. கெட்டில் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் நாற்காலிக்குப் பின்னால், தன் ஞாயிற்றுக்கிழமையில், வேடிக்கை பார்த்தாள். இந்த அலை முடியட்டும், நாற்காலியிலிருந்து அவரை எழுப்பிவிட வேண்டியதுதான் என்று மனதுக்குள் கறுவினாள்.

திடீரென்று அவர் கை நின்றது. திரையில் எதிரி வந்து வெட்டினான், அவர் தடுக்கவில்லை. மெல்லத் திரும்பி, "இது நான் கேக்க வேண்டிய விஷயம் இல்லம்மா" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "உங்கண்ணன் நீங்கதான்னு நெனச்சுப் பேசுறாரு. அங்க இனிமே முடியலையாம். திரும்பி வந்துடட்டுமான்னு கேக்குறாரு. நீ வான்னு சொன்னா வந்துடறேங்கறாரு. ரெண்டு தடவை கேட்டுட்டாரு. மைக்கு..."

அவள் ஹெட்போனை அவர் தலையிலிருந்து பிடுங்கினாள்.

"...சரி, விடு" என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். "நீ ஒண்ணும் சொல்லலைன்னாலே புரியுது. உன் படிப்பும் இருக்கு. அம்மா ஒருத்தி சம்பாத்தியத்துல என்ன பண்ணுவீங்க. சும்மா கேட்டேன். இருந்துக்கறேன். நீ சுவரைப் பாரு."

"அண்ணா, வா!" என்றாள். "வந்துடுண்ணா!"

"என்ன, கையே அசைக்க மாட்டேங்கற? கோச்சுக்கிட்டியா?"

"அண்ணா! கேக்குதா? ஐயோ!" அவன் காதில் எதுவும் விழவில்லை. மேசையைத் தட்டினாள். திரையைத் தட்டினாள். ஆத்திரத்தில் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்து எதுவும் தெரியவில்லை. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் ஹெட்போன், அங்கே அண்ணன் "சரி, நான் வைக்க..." என்று ஆரம்பித்துவிட்டான்.

மருந்துக்கடைக்காரர் எட்டி, ஒயரைப் பிடித்து, பொத்தானைத் தள்ளினார்.

"வந்துடு!" என்று கெட்டில் அலறினாள். "வாடா! மூட்டையைக் கட்டிட்டு வந்துடு! எவன் உன்னை அங்க இருக்கச் சொன்னான்?"

அவள் போட்ட சத்தத்தில் தோளில் கிடந்த குழந்தை தூக்கிவாரிப்போட்டு விழித்து, வீடே அதிரும்படி வீரிட்டது.

எதிர்ப்பக்கம் அண்ணன் கேட்டான்: "ஏய் கெட்டில்... அங்க யாரு குழந்தை?"

"மருந்துக்கடைக்காரர் குழந்தை" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அதை விடு. நீ எப்ப வர, அதை முதல்ல சொல்லு."